நொய்யலின் உப்புக் கணக்கு

பாசனத்துக்காகக் கட்டிய அணையின் மதகைத் திறக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே மன்றாடிய கதை தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களுக்கு வாய்க்கால் நீர் கொடுப்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கும் இடமாகிவிட்டது. அந்த நீரைப் பாய்ச்சிய வயலில் மண் வெளுத்தது. அணையைச் சுற்றியிருந்த கிணறுகளில் மாட்டுக்குக் காட்டவும் ஆகாத தண்ணீர் ஊறியது. வாய்க்காலில் அந்த நீர் வராமலிருந்தாலே போதும் என்று ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

அணையை வடிவமைத்தபோது ஆற்றில் எவ்வளவு நீர் வரும், எத்தனை நாள் வரும், எவ்வளவு தேக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டிருப்பார்கள். அது இல்லாமல் அணை கட்ட முடியாது. ஆனால் வரும் நீரில் என்ன கரைந்திருக்கிறது, தேங்கிய நீர் தரைக்குள் இறங்கினால் யார் கிணற்றுக்குப் போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் உரிய இடம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஆற்று நீரை அளப்பது ஒரு துறை, நிலத்தடி நீரை அளப்பது இன்னொரு துறை, நீரின் தரத்தைச் சோதிப்பது மூன்றாவது துறை. மூவரும் தங்கள் ஏட்டைச் சரியாகவே எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் வழக்கம் இல்லை. நொய்யலுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள அப்படி வாசித்தாக வேண்டும். இந்த அத்தியாயம் அதற்கான முயற்சி.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் சிற்றாறுகள் கூடி நொய்யலாகின்றன. கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் ஆற்றின் பெயரையே தாங்கிய நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. மலையில் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும். சமவெளிக்கு வந்துவிட்டால் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழை. ஆகவே இது இயல்பிலேயே சில மாதங்கள் பெருகி, பல மாதங்கள் மெலிந்து ஓடும் ஆறு. இந்த இயல்பை அறிந்த பழைய ஆட்கள், சித்திரைச்சாவடியில் தொடங்கி வரிசையாக அணைக்கட்டுகள் போட்டு, வெள்ளத்தை வாய்க்காலில் திருப்பிக் குளங்களை நிரப்பினார்கள். கோவையின் உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர்க் குளமும் அந்த ஏற்பாட்டின் மிச்சங்கள்.

முதலில் ஆற்று நீரை அளப்பது எப்படி என்று பார்ப்போம். அடிப்படைக் கணக்கு எளியது. ஆற்றைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் நீரின் பரப்பை, நீரின் வேகத்தால் பெருக்கினால், ஒரு விநாடிக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். சிக்கல் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நடு ஆற்றில் ஒரு வேகம், கரையோரம் ஒரு வேகம். மேலே விரைவாகவும், மணலும் கல்லும் உரசுகிற அடியில் மெதுவாகவும் ஓடும். அளக்கப் போகிறவர்கள் கரைக்குக் கரை கம்பியோ கயிறோ கட்டி, சம தூரத்தில் அடையாளம் வைக்கிறார்கள். ஒவ்வொரு அடையாளத்திலும் ஆழத்தை அளந்து, நீரோட்டமானியை இறக்குகிறார்கள். சிறு கிண்ணங்கள் கோத்த சக்கரம் அது. ஓட்டம் தள்ளத் தள்ளச் சுற்றும். எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் கிடைக்கும். எந்த ஆழத்தில் இறக்குவது? மேல்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் உள்ள வேகம், அந்த இடத்தின் சராசரி வேகத்துக்கு வெகு நெருக்கமாக இருக்கும் என்பது நீண்ட அனுபவத்தில் கண்டது. ஆழம் கூடிய இடமென்றால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஓரளவு நேராக ஓடும் இடத்தில் 20 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை நடு ஆற்றில் விட்டு நேரம் பாருங்கள். பழம் முக்கால்வாசி முங்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. கிடைப்பது மேற்பரப்பின் வேகம், அதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரிக்கு அருகில் வந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒரு முற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை இது.

தினமும் கயிறு கட்டி அளக்க முடியாது. அதனால், வெவ்வேறு நீர்மட்டங்களில் பலமுறை அளந்து, மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்கிறார்கள். அதன்பிறகு கரையில் நட்ட அளவுகோலில் மட்டத்தைப் படித்தால் போதும். நொய்யல் காவிரியைச் சேர்வதற்கு முன்னால் எழுநூற்றிமங்கலத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இப்படித்தான் இயங்குகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றுப் படுகை மாறினால் வளைகோடு பொய்யாகிவிடும். மணல் அள்ளினால், குப்பை கொட்டினால், ஆகாயத்தாமரை அடைத்தால், அதே மட்டத்துக்கு வேறு ஓட்டம். மணல் திருட்டு நம் நீர்க் கணக்கையும் சேர்த்துத் திருடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

பழைய அணைக்கட்டுகள் இந்த விதத்தில் பெரிய உதவி. கல்லால் கட்டிய நிலையான விளிம்பு என்பதால் அங்கே படுகை மாறாது. விளிம்பைத் தாண்டி விழும் நீரின் உயரத்தை அளந்தாலே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். உயரம் இரண்டு மடங்கானால் நீர் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. உயரம் கூடும்போது நீரின் கனமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது என்பதே காரணம். வெள்ளம் அரை அடி ஏறியதுமே ஊர் பதறுவதற்கு இந்தக் கணக்கு நியாயம் சொல்கிறது.

நம் ஊரில் ஓட்டத்தைக் கன அடியில் சொல்கிறோம். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர், ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 24 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மழை பெய்த நாளிலிருந்து ஓட்டத்தை வரைபடமாக்கினால் ஓர் உண்மை தெரியும். ஓட்டம் சில மணி நேரத்தில் செங்குத்தாக ஏறுகிறது, சில நாட்களில் சரிகிறது. ஆனால் சுழியத்தைத் தொடுவதில்லை. மெல்லிய ஓட்டம் ஒன்று வாரக்கணக்கில் நீடிக்கிறது. வானத்தில் மேகமே இல்லாத தை மாதத்தில் ஓடும் அந்த நீர் எங்கிருந்து வருகிறது? தரைக்கடியிலிருந்துதான். கார்த்திகையில் மண்ணுக்குள் இறங்கியது, மெல்ல நகர்ந்து, ஆற்றங்கரையில் கசிந்து வெளியே வருகிறது. இதை அடிநீரோட்டம் என்கிறார்கள். கோடையில் ஓர் ஆறு ஓடுகிறது என்றால், சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரத்தில் இருக்கிறது என்று பொருள். ஆறும் கிணறும் தனித்தனி நீர்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் தரைக்கடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. கங்கைச் சமவெளியைப் போலவோ தஞ்சை டெல்டாவைப் போலவோ ஆழமான மணலும் வண்டலும் இங்கே இல்லை. பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் மக்கி உதிர்ந்து, சில மீட்டரிலிருந்து இருபது முப்பது மீட்டர் வரை ஒரு பொருபொருத்த அடுக்காக இருக்கும். அதில் நீர் தங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் தங்கும். கொங்குக் கிணறுகள் அவ்வளவு அகலமாக வெட்டப்பட்டதற்கு இதுதான் காரணம். பாறை நீரை மெதுவாகத்தான் கொடுக்கும். இரவெல்லாம் ஊறுவதைப் பிடித்துவைக்கக் கிணறே தொட்டியாக இருந்தாக வேண்டும். காலையில் இறைத்து, மீண்டும் ஊற விட்டு, மறுநாள் இறைத்தார்கள். ஊற்றுக்கண் சுருங்கியபோது கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் சைடு போர் போட்டு வெடிப்புகளைத் தேடினார்கள். அப்புறம் ஆழ்துளைக் கிணறு வந்தது. இன்று ஆயிரம் அடி போர் என்பது இந்தப் பக்கத்தில் வியப்பளிக்காத செய்தி.

கிணற்று நீர்மட்டத்தை அளக்க இன்றைக்கும் நம்பகமான வழிகளில் ஒன்று மிகப் பழையது. எஃகு நாடாவின் கீழ்முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, நாடாவைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். முனை நீருக்குள் முங்கியதும், கிணற்று வாயின் விளிம்பில் நாடா காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே இழுக்கிறார்கள். நனைந்த இடத்தில் சுண்ணம் கருத்திருக்கும். நனையாத இடம் வெள்ளையாகவே இருக்கும். விளிம்பில் குறித்த எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைத்துவிடும். அரை சென்டிமீட்டர்கூடப் பிசகாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் மட்டத்தை அளக்கிறது. மே மாத அளவுக்கும் மழைக்குப் பிந்தைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில், அந்த ஆண்டு நிலத்துக்குள் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது அடங்கியிருக்கிறது.

அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. மக்கிய பாறையில் வடிந்து கையில் கிடைக்கக்கூடிய நீர், மொத்தக் கன அளவில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால், கண்ணுக்கு அது பெரிய ஏற்றமாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 ஆயிரம் லிட்டர், அதாவது ஐந்து டேங்கர் லாரி. விநாடிக்கு இரண்டு லிட்டர் இறைக்கும் ஒரு மோட்டார் எட்டரை மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். நல்ல மழை பெய்து கிணறு நிரம்பிய ஆண்டிலும் பங்குனிக்குள் தண்ணீர் போய்விடுவதற்கு யாரும் மாயம் செய்யவில்லை. இந்தப் பாறையின் கொள்ளளவு அவ்வளவுதான்.

இறைப்பு கூடக் கூட நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே போயிற்று. அப்போது உறவு தலைகீழாகிறது. அதுவரை நிலம் ஆற்றுக்கு நீர் கொடுத்தது. இனி ஆறு நிலத்துக்குள் இழக்கிறது. நொய்யலில் இது இன்னொரு கேட்டோடு சேர்ந்து நடந்தது. கோவை வளர்ந்தது, சாக்கடை ஆற்றில் சேர்ந்தது. இன்று நொய்யலின் பல பகுதிகளில் கோடையில் ஓடுவது அடிநீரோட்டம் அல்ல, நகரத்தின் கழிவுநீர். பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு ஆறு ஓடுகிறது. அந்த நீர் படுகை வழியே இறங்கிக் கரையோரக் கிணற்றுக்குப் போகிறது. ஆற்றில் நீர் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது இனிப் போதாது. எந்தத் திசையில் இறங்குகிறது, எதைச் சுமந்து இறங்குகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் திருப்பூர் வருகிறது.

பருத்திக்குச் சாயம் ஏற்றுவதன் வேதியியலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நொய்யலின் துயரம் முழுக்கப் புரியும். நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். பருத்திக்குப் பயன்படும் வினைச்சாயங்களும் நீரில் கரையும்போது எதிர்மின்னேற்றம் கொள்கின்றன. ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும்; சாயம் துணியில் ஏறாமல் நீரிலேயே நிற்கும். இந்த விலக்கத்தை மட்டுப்படுத்த உப்பைக் கொட்டுகிறார்கள். சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டு. நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்துச் சாயக்குளியலில் லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை தேவைப்படலாம். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்புதான். இதில் முக்கியமான செய்தி என்னவென்றால், அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியோடு போவதில்லை. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு முழுக்க வெளியே வருகிறது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கருநீலமோ கறுப்போ அணிந்தவருடைய பனியனில் உப்பு இல்லை. அது நொய்யல் கரையில் தங்கிவிட்டது.

ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியபோது எல்லோரும் பதறினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அங்கே சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்து, நிறத்தைக் கசடாகப் படியவைத்து அகற்றினார்கள். வெளியே வந்த நீர் தெளிந்திருந்தது. உப்பு அப்படியே இருந்தது. சேர்த்த வேதிப்பொருட்களால் கொஞ்சம் கூடியும் இருந்திருக்கும். கரைந்த உப்பைப் படியவைக்க முடியாது, நுண்ணுயிரைக் கொண்டு தின்ன வைக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்கிவிட்டு, தெரியாத அழுக்கை ஆற்றில் விட்ட அந்த ஆண்டுகளைத்தான் நான் இந்தக் கதையில் மிக மோசமான கட்டமாகக் கருதுகிறேன். நிறம் இருந்தவரை உழவர் அந்த நீரை ஒதுக்கினார். நிறம் போனபின் ஒதுக்குவதற்கு அடையாளம் இல்லை.

உப்பை அறியக் கருவி வேண்டும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். நீருக்குள் இரண்டு மின்முனைகளை வைத்து மின்கடத்துதிறனை அளந்தால், ஒரே நிமிடத்தில் மொத்தக் கரைதிண்மத்தை மதிப்பிட்டுவிடலாம். கடைகளில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் செய்வது இதைத்தான். மைக்ரோசீமன்ஸில் வரும் எண்ணை 0.64-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆலைக் கழிவை நீர்நிலையில் விடுவதற்கான வரம்பு 2,100. திருப்பூர்க் கழிவுநீர் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டி வெளியேறிய காலம் உண்டு.

நீர் மாதிரி எடுப்பதில் ஒழுங்கு வேண்டும். கிணற்றுக்குப் போனதும் குழாயைத் திறந்து புட்டியை நிரப்பினால், கிடைப்பது ஆழ்துளைக் குழாய்க்குள் நாட்கணக்கில் நின்ற நீர். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மீட்டரில் எண் மாறாமல் நிற்கும் வரை காத்திருந்து, புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். இடம், தேதி, நேரம், நீர்மட்டம் எல்லாவற்றையும் அங்கேயே எழுத வேண்டும். உலோகங்களைச் சோதிக்க ஒரு புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் அவை புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கழிவு எவ்வளவு உயிர்வளியைத் தின்கிறது என்று பார்ப்பதற்கான மாதிரி பனிக்கட்டியில் ஆய்வகம் போகும். பல நாடுகளில் அந்தச் சோதனையை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துச் செய்கிறார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்றபடி இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள்.

இப்போது ஓட்டத்தையும் தரத்தையும் சேர்த்துப் படிப்போம். ஒரு கற்பனைக் கணக்கு. கோடையில் ஆற்றில் 5 கன அடி ஓடுகிறது, லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் உப்பு. மழைக்காலத்தில் 200 கன அடி ஓடுகிறது, உப்பு வெறும் 800. அறிக்கையில் இரண்டாவது எண்ணைப் பார்ப்பவர் ஆறு தேறிவிட்டது என்பார். பெருக்கிப் பாருங்கள். கோடையில் ஒரு நாளைக்கு ஆறு சுமந்து போவது ஏறத்தாழ 49 டன் உப்பு. மழைக்காலத்தில் 390 டன். எட்டு மடங்கு! அந்த உப்பு எங்கிருந்து வந்தது? கோடை முழுக்கப் படுகையிலும் ஓடைகளிலும் மண்ணிலும் படிந்தது முதல் வெள்ளத்தில் கழுவப்பட்டு வருகிறது. வெள்ளத்தின் மறைவில் திறந்துவிடப்படும் கழிவும் அதில் இருக்கலாம். லிட்டருக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டத்தை எழுதாமல் விட்ட நீர்த்தர அறிக்கை, ஒரு பக்கம் கிழிந்த கணக்கேடு. அப்படிப்பட்ட அறிக்கைகள் நிறைய வருகின்றன. ஓட்டத்தை அளக்காமல் எடுத்த மாதிரியைக் கொண்டு ஆற்றைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது என் திடமான கருத்து.

உப்பு நிலத்துக்குள் போன பாதையைத் தொடர்வதற்கும் வழி இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு விசித்திரமான பொறுமைசாலி. மண் துகளில் ஒட்டாது, சிதையாது, நுண்ணுயிருக்கு உணவாகாது. நீர் எங்கே போகிறதோ அங்கே அதே வேகத்தில் போகும். ஆகவே ஆற்றங்கரையிலிருந்து விலகி விலகி வரிசையாக உள்ள கிணறுகளில் குளோரைடை அளந்தால், ஆற்று நீர் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். இன்னும் நுட்பமாக அறிய, ஆக்சிஜன், ஹைட்ரஜன் இவற்றின் கனமான ஐசோடோப்புகளை அளக்கிறார்கள். நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போய்விடும். மிஞ்சிய நீர் கனத்துவிடும். உலகெங்கும் மழைநீரில் இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைகிறது என்று 1961-ல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். கிணற்று நீர் அந்தக் கோட்டின் மேல் விழுந்தால், மழை நேராக மண்ணில் இறங்கிச் சேர்ந்தது. கோட்டை விட்டு விலகினால், குளத்திலோ அணையிலோ வெயிலில் கிடந்து ஆவியான பின் இறங்கியது. ஒரு கிணற்றுக்கு நீர் கொடுத்தது மழையா, குளமா என்று கேட்டால் அந்த நீரே பதில் சொல்கிறது.

அந்த உப்பு நிலத்துக்குள் நகர எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு 1856-க்குப் போக வேண்டும். பிரான்ஸின் திழோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய உருளைக்குள் நீரைச் செலுத்தி அளந்து, ஒரு விதியைக் கண்டார். நிலத்துக்குள் நீர் போகும் அளவு, நீர்மட்டத்தின் சரிவையும் மண்ணின் ஊடுவிடும் தன்மையையும் பொறுத்தது. இன்றுவரை நிலத்தடி நீரியல் முழுதும் அதன்மேல்தான் நிற்கிறது. மக்கிய பாறைக்குப் பொருந்தக்கூடிய எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஊடுவிடும் தன்மை நாளுக்கு ஒரு மீட்டர், சரிவு 200-க்கு ஒன்று, நீர் நகரக்கூடிய இடுக்குகள் நூற்றுக்கு ஐந்து பங்கு. நீரின் வேகம் நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வருகிறது. ஆண்டுக்கு 36 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கடக்க 27 ஆண்டுகள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆற்றில் விட்ட உப்பை ஒரு நல்ல வெள்ளம் சில நாளில் காவிரிக்குக் கொண்டுபோய்விடும். நிலத்துக்குள் இறங்கிய உப்பு ஒரு தலைமுறை கழித்தும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. பாறை வெடிப்பு வழியே ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் அசையாமலும் கிடக்கும் என்பதால், ஒரு கிணறு தேறியிருக்கும்போது அடுத்த கிணறு உப்பாகவே இருக்கும். அதோடு சோடியம் மண்ணையும் கெடுக்கிறது. களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது மண் தன் கட்டமைப்பை இழந்து இறுகுகிறது. மழை பெய்தாலும் நீர் இறங்காது. ஜிப்சம் இட்டு, நல்ல நீரால் கழுவினால்தான் மண் மீளும். அந்த நல்ல நீருக்கு எங்கே போவது?

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் நடத்திய வழக்கில், கழிவே வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. அந்த வலியைச் சிறியதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. பிறகு படிப்படியாக, எதிர்ச் சவ்வூடுபரவல் மூலம் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தி, மிஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்கும் அமைப்புகளோடு ஆலைகள் திறந்தன. உப்பு நீரையே அடுத்த சாயக்குளியலுக்குப் பயன்படுத்தும் முறையும் வந்தது. மின்செலவு மிகுதி; மறுபடி பயன்படாத கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற சிக்கலும் தீர்ந்தபாடில்லை. ஆனாலும் உப்பை ஆற்றில் விட்டுவிட்டு அடுத்த ஊர்க்காரரிடம் செலவைத் தள்ளிய காலத்தைவிட இது நூறு மடங்கு நேர்மையானது. மின்கட்டணமாக ஆலை கட்டும் அந்தப் பணத்தைத்தான் முன்பு உழவர்கள் தங்கள் கிணற்றை இழந்து கட்டினார்கள்.

இனி வேண்டியது, ஆற்றில் ஓட்டம், கரையோரக் கிணறுகளில் மட்டம், இரண்டிலும் உப்பு, மூன்றையும் ஒரே வாரத்தில், ஒரே இடங்களில், ஆண்டுதோறும் அளக்கும் ஏற்பாடு. சித்திரைச்சாவடி முதல் காவிரி வரை உள்ள பழைய அணைக்கட்டுகளே அதற்கு இயல்பான இடங்கள். அரசு செய்ய வேண்டிய வேலை இது. கேட்டு வாங்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்களில் 2000-களில், உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு நடந்த திட்டத்தில், ஏட்டுப்படிப்பு அதிகமில்லாத உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர்ச் சுவரில் எழுதி, கையில் உள்ள நீருக்கு ஏற்ப என்ன பயிர் வைப்பது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

உங்கள் தோட்டத்தில் கிணறோ போரோ இருந்தால் நீங்களும் தொடங்கலாம். அளவு நாடா, ஒரு சுண்ணக்கட்டி, ஒரு டிடிஎஸ் மீட்டர், ஒரு நோட்டு போதும். மாதத்தில் ஒரே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில் மட்டத்தை அளந்து எழுதுங்கள். பிறகு மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு உப்பை அளந்து எழுதுங்கள். அன்றைக்கு ஆறு ஓடியதா, காய்ந்திருந்ததா என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு நோட்டுகள் பத்து தோட்டங்களில் சேர்ந்தால், எந்த அலுவலகமும் நீதிமன்றமும் ஒதுக்கித் தள்ள முடியாத ஆவணம் உங்கள் ஊரிடம் இருக்கும். இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.